ஒரு முறம் தவிடு

இன்று காலை பிசான அறுப்பில் வந்த நெல்லைக் குத்தப் போட்டிருந்தோம். உலக்கை விழ விழ, புதுத் தவிட்டின் இனிப்பு வாசனை புறவாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றிருக்கிறேன். நெல் குத்த வந்தவள் எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சி, சாமி கீமி வந்துட்டா?" என்று கேலி பண்ணினாள். சாமி எங்கே வந்தது? நீதான் வந்தாய்.

மூன்று பிள்ளைகளை ஆற்றங்கரை மணலில் புதைத்துவிட்டு நாலாவதைப் பெற்றவள் நீ. தீட்டுக் கழிந்த அன்றே அந்தச் சிசுவை முறத்தில் கிடத்தி, வாய்க்காலைத் தாண்டி எங்கள் புறவாசலுக்கு வந்து நின்றாய். முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு கேட்டாய்.

"மைனி, ஒரு புள்ள விலைக்கு இருக்கு. வாங்குதியளா?"

"என்ன புள்ள?"

"பொட்டப் புள்ள. கறுப்பு. மூக்கு சப்பை. அழுதா ஊரே எந்திரிக்கும்."

"என்ன விலை சொல்லுத?"

"ஒரு முறம் தவிடு."

"இந்த மூக்குக்கா? பாதி முறம் தாரேன்."

உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் விற்பனை செல்லாது என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து பேரம் பேச வைத்தாய். முறம் நிறையத் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை என் மடியில் போட்டாய். உன் பிள்ளையைத் தேடி வருகிற சாவு, இவளுக்குப் பிள்ளையே இல்லை என்று நம்பித் திரும்பிப் போக வேண்டும், அதற்காகத்தான் அத்தனையும். பிள்ளைக்குத் தவிட்டம்மாள் என்று பெயர் வைத்தோம். வளர்ந்ததெல்லாம் உன் வீட்டில், உன் பாலைக் குடித்துத்தான். ஆனால் அவள் என்னை அம்மா என்றாள். உன்னை யக்கா என்றாள். நீதான் அப்படிப் பழக்கினாய். ஏழு வயது நிறைந்த பிறகு, அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்று அவளை முறத்தில் உட்கார வைத்து, ஒரு முறம் தவிட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "என் பிள்ளை" என்று சாமி கேட்கச் சொல்லி மீட்க வேண்டும். அதுவரைக்கும் அந்த வார்த்தை உன் வாயில் வரக் கூடாது. ஒரு தடவைகூட வந்ததில்லை. அவள் தூங்கும்போது நெற்றியைத் தடவிக்கொண்டு, "எவ பெத்த புள்ளையோ" என்பாய். அதுதான் உன் தாலாட்டு.

ஏழாவது வயது நடந்துகொண்டிருந்தபோது ரேகைச் சட்டம் வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த உங்கள் தெருவையே குற்றம் செய்கிற கூட்டம் என்று எழுதிவிட்டார்கள். என்ன குற்றம், யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆம்பிளைகள் எல்லாரும் விரலில் மை தடவி ரேகை வைத்தார்கள். பொழுது சாய்ந்ததும் போலீஸ் டாணாவில் போய்ப் படுக்க வேண்டும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தார். அந்தப் பக்கம் உன் வீட்டுக்காரர் டாணாக் கல்லில் படுத்தார். தவிட்டம்மாளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று அவர் போகவில்லை. மறுநாள் கைவிலங்கு போட்டார்கள். அவர் ஜெயிலுக்குப் போன பிறகுதான், அப்பன் உள்ளே இருக்கிற வீட்டுப் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளியில் வைத்துக் காபந்து பண்ண வேண்டும் என்று துரை ஒருவர் குமாஸ்தாவோடு வண்டியில் வந்து இறங்கினார்.

நீ கூப்பிட்டு அனுப்பினாய். நானும் வந்து நின்றேன். துரை இங்கிலீஷில் கேட்கக் கேட்க, குமாஸ்தா தமிழில் கேட்டார்.

"இது யாரு பிள்ளை?"

நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எம் புள்ள இல்ல சாமி. தவுட்டுக்கு வித்தாச்சு. அந்தா நிக்காவல்லா, அந்த மைனி புள்ள."

"அப்போ நீ யாரு?"

"நான் சும்மா பாலு குடுத்தவ."

என்னிடம் திரும்பினார்கள். வாங்கினேன் என்றேன். வேறு எதைச் சொல்வேன்? அம்மன் பேரில் போட்ட முடிச்சை நான் அவிழ்க்கவா? கடைசியாகப் பிள்ளையிடம் உன்னைக் காட்டிக் கேட்டார்கள். அவள் பளிச்சென்று, "யக்கா!" என்றாள்.

துரையின் முகம் சிவந்துவிட்டது. பெற்ற பிள்ளையைத் தவிட்டுக்கு விற்ற தாயும், அதை வாங்கியவளும் எதிரில் நிற்கிறோம் அல்லவா? கெட்ட மனிதர் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைக்காகத்தான் கோபப்பட்டார். அந்தக் கோபத்தோடேயே அவளைத் தூக்கி வண்டியில் வைத்தார். அவள் வண்டியைப் பார்த்த சந்தோஷத்தில், "யக்கா, நீயும் ஏறு! எடம் கெடக்கு!" என்று கையைத் தட்டினாள். வண்டி ஆற்றங்கரை வளைவில் திரும்பின பிறகுதான் அவள் அழுகைச் சத்தம் கேட்டது. நீ சொன்னது சரிதான். அவள் அழுதால் ஊரே எழுந்திருக்கும்.

அதற்கப்புறம் நானும் நீயும் ஏறி இறங்காத சர்க்கார் கச்சேரி இல்லை. மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் ரேகைக்காரர் வீட்டுக்கு எழுத மாட்டோம் என்றார்கள். பதிகத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்த நான், பால் கணக்கும் நெல் கணக்கும் எழுதின அதே கையால் சர்க்காருக்கு மனு எழுதினேன். ஒரு நாள் அந்தக் குமாஸ்தாவையே வாசலில் மடக்கினோம்.

"அண்ணாச்சி, நீங்களும் இந்த ஊர்ப் பக்கந்தானே? தவுட்டுக்கு விக்கதுன்னா என்னன்னு தெரியாதா ஒங்களுக்கு?" என்றேன்.

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தெரியும்மா. எங்க அண்ணன் பேரே பிச்சைதான். எங்காத்தா அவனப் பிச்சையா எடுத்து வளத்தா. ஆனா துரை என்ன சொன்னாவளோ அதைத்தானே நான் எழுத முடியும்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெத்தவ நேர்ல வந்து, எல்லார் முன்னாலயும் எம் பிள்ளைன்னு சொல்லி ரேகை வைக்கணும். அப்பந்தான் பேச்சே."

நீ முன்னால் வந்து கும்பிட்டாய். "கொடைக்கு மட்டும் புள்ளய அனுப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. முறத்துல ஒக்கார வச்சு மீட்டுட்டு, நூறு தரம் சொல்லுதேன்."

"சொன்னாத்தான் பிள்ளையை அனுப்பலாமான்னே யோசிப்பாவ."

"புள்ள வந்தாத்தான் நான் சொல்ல முடியும்."

சர்க்காருக்கு முதலில் வார்த்தை வேண்டும். அம்மனுக்கு முதலில் பிள்ளை வேண்டும். அன்று திரும்பி வரும் வழியில் வண்ணார்பேட்டைப் படித்துறையில் உட்கார்ந்து, காலை ஆற்றில் விட்டுக்கொண்டாய். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. "சொல்லாம இருந்தா உசுரோட இருப்பா, நான் பாக்க மாட்டேன். சொன்னா வருவா, ஆனா இருப்பாளா மைனி?" என்று கேட்டாய். சாமி பார்த்துக்கொள்ளும் என்றேன். என் வாய்க்கு அதுதான் பழக்கம். சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

பிள்ளை வராமலே அந்த வருஷக் கொடை முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் நீயே வந்து கூப்பிட்டாய். கச்சேரியில் அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்றாய்.

"எம் புள்ள. நான் பெத்தது. இந்த வயித்துல பெத்தது."

விரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். அவர்கள் கையை விட்ட பிறகும் நீ விரலைத் தூக்கியபடியே நின்றாய். துரை பழைய காகிதத்தையும் புதுக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அன்று என் பிள்ளை இல்லை என்றாய், இன்று என் பிள்ளை என்கிறாய், இதில் எது பொய் என்று கேட்கச் சொன்னார். ரெண்டும் பொய் இல்லை என்று நீ சொன்னதும் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொய் சொல்லுகிற தாய், ரேகை வைத்த தகப்பன். அந்த வீடு பிள்ளைக்கு ஆகாது, பெரியவளாகும் வரைக்கும் சர்க்கார் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று தீர்ந்தது.

வார்த்தையையும் கொடுத்தாய், பிள்ளையும் வரவில்லை. அன்றிலிருந்து நீ அவளை இறந்தவளாகவே எண்ண ஆரம்பித்தாய். "நான் வாயத் தொறந்தேன், சாவு கேட்டிருச்சு" என்று அதையே சொல்வாய். சுகமா இருக்கிறாளா என்று கேட்டு நான் வருஷக்கணக்காக மறுபடி மறுபடி எழுதினேன். கடைசியில் ஒரு பதில் வந்தது. ஓடி வந்து உனக்கு வாசித்துக் காட்டினேன். கமலம் என்று பெயர் மாற்றப்பட்ட பிள்ளை நல்ல சுகத்துடன் இருக்கிறாள், தையல் பழகுகிறாள் என்று இருந்தது. நீ பாயை விட்டு எழவில்லை. "கமலமா? அந்தப் பேருல எனக்குப் புள்ள இல்லியே" என்றாய். தவிட்டம்மாளைத்தான் அப்படி அழைக்கிறார்கள் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். என் கையைத் தடவி, என்னை ஆறுதல்படுத்துகிறவள் மாதிரி, "எனக்காவச் சொல்லுதிய மைனி. தெரியும்" என்றாய். எழுத்துத் தெரியாத உன்னிடம் அந்தக் காகிதத்தை எப்படிக் காட்டி நம்ப வைப்பேன்? ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலோடு போய்விட்டாய். ஜெயிலிலிருந்து வந்திருந்த உன் வீட்டுக்காரர் கொள்ளி வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு நேரே டாணாவுக்குப் படுக்கப் போனார்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு பள்ளியில் எனக்கு ஒரு முறை தவிட்டம்மாளைப் பார்க்க அனுமதி கொடுத்தார்கள். உயரமாகிவிட்டாள். வெள்ளைச் சேலை, இறுக்கிப் பின்னின சடை. மூக்கு மட்டும் அப்படியே சப்பை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். ஆனால் பக்கத்தில் வரவில்லை.

"என்னத் தவிட்டுக்கு வித்தாங்களாமே? நெசமா?" பேச்சே வேறு ஊர்ப் பேச்சாக இருந்தது.

"நெசந்தான்."

"எவ்வளவு தவிடு?"

"ஒரு முறம்."

"நெறஞ்ச முறமா?"

"நெறஞ்ச முறம்தான் தாயி. கோபுரமாக் குவிச்சு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, "யக்கா ஏன் வரல?" என்றாள்.

அவளுக்குச் சொன்னேன். அவள் உனக்கு யக்கா இல்லை, பெற்றவள் என்று சொன்னேன். எதற்காக விற்றாள், எதற்காக வாயைத் திறந்தாள், இப்போது எங்கே போய்விட்டாள், எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. கதை கேட்கிற மாதிரி கேட்டாள். முடிந்ததும், "அப்ப என்ன வாங்கினது நீங்கதானே?" என்றாள்.

"ஆமா."

"அப்ப கூட்டிட்டுப் போங்க."

காவலுக்கு நின்ற அம்மாள் நேரம் ஆயிற்று என்றாள். அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். அழுகைச் சத்தம் வருமா என்று வெளிச்சுவர் ஓரம் நின்று கேட்டேன். வரவில்லை. அந்த அழுகையையும் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

காலையும் மாலையும் விளக்கேற்றிப் பதிகம் பாடத்தான் செய்கிறேன். நாக்கு பாடுகிறது. நெல் வந்தால் கணக்கில் நெல் என்று எழுதுகிறேன், அரிசி என்று எழுதுகிறேன், உமியைக்கூட எழுதுகிறேன். தவிட்டை எழுத இன்னும் கை வரவில்லை. உன் வீட்டு முறம் என்னிடம் இருக்கிறது. சாணி மெழுகிப் பரண்மேல் வைத்திருந்ததை இன்று இறக்கி, புதுத் தவிட்டைக் கோபுரமாகக் குவித்து அடுக்களை மூலையில் வைத்திருக்கிறேன். மாடு கத்துகிறது, கொடுக்க மனமில்லை.

அதை என்னிடம் திருப்பித் தர வேண்டியவள் நீ. நீ இல்லை. அதனால் அவள் இன்னும் என் பிள்ளைதான்.