குளியல் மறைப்பில் தாய்மாமன்

கம்பம்
ஞாயிற்றுக்கிழமை, கடை அடைத்த பிறகு

அன்பு மகன் விஜய்பாண்டிக்கு அப்பா எழுதுவது. இங்கு என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லோரும் நலம், அந்தக் கத்தார் வெயிலில் நீயும் உன் ரூம்காரர்களும் நலமாக இருக்க சுருளி வேலப்பர் துணை இருக்கட்டும். பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஊரைச் சுற்றி நடவு நடக்கிறது. சுருளிப்பட்டியில் உன் சின்னக்கருப்பு மாமா தோட்டத்தில் திராட்சையும் தொங்குகிறது, அதன் விலையும் தொங்குகிறது. உன் அம்மா எள்ளுருண்டையும் பருப்புப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள், உத்தமபாளையம் அஷ்ரப் லீவு முடிந்து வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறோம். இந்தக் கடிதமும் அவன் கையில்தான் வருகிறது, நல்ல பையன்தான், ஆனாலும் பெவிகால் போட்டு ஒட்டியிருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடு என்பாள், நீயும் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், இது அப்படி வைத்துவிடுகிற விஷயம் இல்லை. இன்னும் சில நாளில் உன் ராமுத்தாய் அத்தை உனக்குப் போன் செய்து அழலாம், அதற்குள் நீ முழுவதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஷயம் அத்தை, சின்னக்கருப்பு மாமா மகள் ஓவியாவைப் பற்றியது. பிளஸ் ஒன் படிக்கிறாள், வயது பதினாறு. கொஞ்ச நாளைக்கு முன் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். வெறும் வயிற்றோடு வந்திருப்பாள் என்று ஒரு டீச்சர் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்திருக்கிறார், அதை அப்படியே வாந்தி எடுத்ததும் டீச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். அத்தைக்கு ஆள் விட்டார்கள். பிள்ளை முழுகாமல் இருக்கிறாள் என்பதைத் தலைமையாசிரியர் வாயால் சொல்லவில்லை, அவ்வளவு நாகரிகமான மனிதர். பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லம்மா, வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்க, டிசிய மட்டும் இன்னைக்கே வாங்கிட்டுப் போயிருங்க என்றாராம். பையன் யார் என்று அத்தை ஓவியாவை அடித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதே பள்ளியில் பிளஸ் டூ படிக்கிற கார்த்திக்ராஜ், ஏலக்காய்க் கடைக்காரர் மகன், அவனுக்கும் வயது பதினேழுதான். அவனுக்கு டிசி கிடையாது, நன்றாகப் படிக்கிறவன், பள்ளிக்கு ரிசல்ட் முக்கியம். ஓவியாவும் நன்றாகப் படிக்கிறவள்தான், ஆனால் மயங்கி விழுந்தது அவள்தானே.

மறுநாள் மத்தியானம், நம் மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அத்தை வந்தாள். அண்ணே, அந்த மாத்திரையக் குடுண்ணே, ஒங்கடையில இல்லாத மாத்திரையா, விடியறதுக்குள்ள எல்லாம் சரியாப் போயிரும்னு சொல்றாகளே என்று அழுதாள். நான் கொடுக்கவில்லை. டாக்டர் பார்க்காமல் அதை விழுங்கிவிட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை இந்தக் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தவன் நான். கூடப் பிறந்த தங்கச்சிக்கு ஒரு மாத்திரை தராதவன் என்ற பேரோடு கடையை அடைத்து, இரண்டு பேரையும் ஒரு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனேன். ஊரைச் சொல்ல மாட்டேன். அந்த டாக்டர் தங்கமான குணம், கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். கேஸு கீஸுன்னு போனா பொண்ணு பேரு கெட்டுரும், பத்தொம்போது வயசு, கல்யாணம் ஆயிருச்சுன்னு எழுதிக்கலாம், புருசன்னு ஒரு ஆளக் கூட்டிட்டு வந்துருங்க, மத்தத நான் பாத்துக்கிறேன் என்றார். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் என்றால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதிய போஸ்டர் அவர் தலைக்கு நேர் மேலே ஒட்டியிருந்தது. அவர் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார், பாவம், பார்த்திருக்க மாட்டார்.

இப்படியாக ஒரு புருஷன் தேவைப்பட்டான். அன்று சாயங்காலம் சுருளிப்பட்டியில் மாமா வீட்டில் கூடினோம். ஏலக்காய்க் கடைக்காரரும் மரியாதையாக வெற்றிலை பாக்கோடு வந்தார். எம்மகன் பச்சப்பிள்ளைங்க, அவனுக்கு என்ன தெரியும், பொட்டப்பிள்ளதான் சூதானமா இருந்திருக்கணும் என்றார். பச்சப்பிள்ளை பதினேழு, சூதானமாக இருந்திருக்க வேண்டியவள் பதினாறு. சின்னக்கருப்பு மாமா எல்லாத் தப்பையும் செல்போன் தலையில் போட்டார், பிறகு அத்தை தலையில் போட்டார், பிறகு தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போக வேண்டும் என்று எழுந்தார், பிடித்து உட்கார வைத்தோம். பையனுக்குக் கட்டி வைக்கலாம் என்றால் ஏலக்காய்க் கடைக்காரர் சாதி வேறு என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் அத்தை என் காலைப் பிடித்தாள். தாய்மாமன் மகன் இருக்கயில எம்பிள்ள எதுக்குத் தெருவுல நிக்கணும், முறை இருக்குல்லண்ணே, விஜய்பாண்டி லீவுல வந்து ஒரு மஞ்சக்கயித்தக் கட்டிட்டுப் போகட்டும் என்றாள். ஆமாம் விஜய், கத்தாரில் ஏசி மாட்டிக்கொண்டிருந்த உனக்கு அந்த அரை மணி நேரத்தில் பெண்டாட்டியும் பிள்ளையும் முடிவாகிவிட்டது. உன் அம்மா வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் ஒன்று விடாமல் தூக்கிப் போட்டாள். நான் முடியாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், தங்கச்சி கண்ணீரைப் பார்த்துவிட்டுப் பார்ப்போம் என்று சொல்லி வந்தேன். இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் எங்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா, ஓவியாதான். டம்ளரை எடுத்துக்கொண்டோம், சர்க்கரை கம்மி என்று சொன்னோம், அவளிடம் வேறு ஒன்றும் யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிய சமயத்தில், தேனியிலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்து அம்மா ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். பக்கத்து வீடா, ஏலக்காய்க் கடையா, டிசி கொடுத்த பள்ளிக்கூடமா என்று நாங்கள் ஆளாளுக்கு ஒருவரைச் சந்தேகப்பட்டோம். உன் அம்மா மேல்கூட எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மாமா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்தோம். எதிரில் நான், தாய்மாமன் என்ற முறையில். பெண்ணுக்கு என்ன வயசுங்கய்யா என்று கேட்டார். நர்சிங் ஹோம் டாக்டர் சொல்லிக் கொடுத்த பாடம் எனக்கு நன்றாக மனப்பாடம், பத்தொம்போது முடிஞ்சிருச்சும்மா என்றேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மறுபடியும் அங்கே பார்த்தார். கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறது நீங்கதானேங்கய்யா என்று கேட்டார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஓவியா பெரியவளானபோது நான் வைத்த பிளெக்ஸ். நீ வேண்டாம்பா என்று சொன்னாய், கேட்டேனா. கம்பம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சுருளிப்பட்டி வரை வரிசையாக நட்டேன். நடுவில் மாலையும் கையுமாக ஓவியா, பக்கத்தில் அவளைவிடப் பெரிதாகக் கூலிங் கிளாஸ் போட்ட நான், கீழே எங்கள் குலவிளக்கு பூப்புனித நீராட்டு விழா என்று தேதி, வருஷத்தோடு. அதற்கும் கீழே நானே சொல்லிச் சேர்த்தது, எட்டாம் வகுப்பிலேயே எட்டூரும் போற்றும் எங்கள் இளவரசி என்று. விசேஷம் முடிந்ததும் அந்த பிளெக்ஸைச் சின்னக்கருப்பு மாமா வீணாக்கவில்லை. வாசல் ஓரம் நாலு கம்பு நட்டு, குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகக் கட்டிவிட்டார். மச்சான் மொகத்த உள்பக்கம் வச்சா மருவாதையா இருக்காதுல்ல என்று படம் வெளியே தெரிகிற மாதிரி கட்டியிருந்தார். ஆக மூன்று வருஷத்துக்கு முன் எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு எப்படிப் பத்தொன்பது ஆகும் என்று கேட்க அந்த அம்மாவுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. சாட்சிக்கு நானே ஆளுயரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கூச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. கடையில் பெண்பிள்ளைகள் நாப்கின் வாங்க வந்தால் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, யாரும் பார்த்துவிடாதபடி நீட்டுகிறவன் நான். அதே நான் ஒரு பிள்ளை வயதுக்கு வந்த சேதியை டிராக்டரில் சீர் ஏற்றி, வெடி போட்டு, மைக் செட் கட்டி ஊருக்கே சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம், இனிமேல் உடம்பில் என்ன நடக்கும், எதில் கவனமாக இருக்க வேண்டும், யாராவது தொட வந்தால், இவளுக்கே பிடித்துப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அத்தை சொல்வாள் என்று நான் நினைத்தேன், டீச்சர் சொல்வார் என்று அத்தை நினைத்தாள், அந்தப் பாடத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் பக்கத்தைப் புரட்டிவிட்டாராம். கார்த்திக்ராஜுக்கும் அதே டீச்சர்தான், அதே பக்கம்தான்.

அந்த அம்மா கூட்டிப்போன தேனி பெரியாஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். அத்தை, மாமா, நான், பெரியவர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் கையைக் காட்டி எங்களை வெளியே போகச் சொன்னார். தாய்மாமன் என்றேன். தாய்மாமனும்தான் என்றார். அரை மணி நேரம் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டு, ஓவியா என்ன விரும்புகிறாள் என்று அவளையே சொல்ல வைத்தார். எனக்கு இப்ப பிள்ள வேணாம்மா, கல்யாணமும் வேணாம், நான் படிக்கணும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாட்கள் அதிகம் ஆகவில்லை, சட்டப்படி செய்யலாம், மைனர் என்பதால் பெற்றவர் சம்மதம் வேண்டும் என்றார் டாக்டர். அத்தை அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். நல்லபடியாக முடிந்தது. தகவல் சொல்வது தன் கடமை என்றும், பிள்ளை பேர் வெளியே வராது என்றும், முதலில் சொல்லியிருக்க வேண்டியது பள்ளிக்கூடம் என்றும் அந்த டாக்டர் சொன்னார். குரலைத் தாழ்த்தாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார். கார்த்திக்ராஜைச் சிறுவர்களுக்கான போர்டில் விசாரிக்கிறார்கள், நானும் அதுக்குப் பொறுப்பு என்று அவனே சொன்னானாம். அவன் அப்பாதான் இன்னும் பச்சப்பிள்ளை என்கிறார். அவன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் எங்கள் எல்லோர் மேலும் உள்ளதைவிட அதிகமாக இல்லை.

வார்டில் அத்தை காபி வாங்கப் போன நேரம், போன் பண்ணியது தான்தான் என்று ஓவியா என்னிடம் சொன்னாள். பாடப்புத்தகத்தில் அந்த நம்பர் அச்சடித்திருக்கிறதாம். ஒங்களுக்குத்தான் மாமா மொதல்ல போன் போட எடுத்தேன், நீங்க மருந்துக்கடை வச்சிருக்கீக, ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன், அப்பறம் நீங்களும் அவுக கூடத்தானே உக்காந்து டீ குடிச்சீகன்னு விட்டுட்டேன் என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் விஜய். வராண்டாவில் போய் நின்று அழுதேன், என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பிறகு நான் அழுதது அன்றுதான்.

அதனால் உனக்குச் சொல்வது இதுதான். அத்தை இன்னும் ஆசையை விடவில்லை, பதினெட்டு முடியட்டும் என்கிறாள், போனில் அழுவாள். உனக்கு இளகிய மனசு, சரி அத்தை என்று சொல்லிவிடாதே. பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொள்கிறேன் என்று நீ நினைத்தால், அவளிடம் பெரிய குறை இருக்கிறது என்று நாமே சொன்னதாகும். அவளை நீ வாழ வைக்க வேண்டாம், அவள் படித்தால் போதும். அவளை வேறு பள்ளியில் சேர்த்தாயிற்று, மறுபடி புத்தகத்தை எடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், உனக்கு என்னடா வேணும் ஆத்தா என்று கேட்டேன். தோடு கேட்பாள், போன் கேட்பாள் என்று நினைத்தேன். அந்த பிளெக்ஸ எடுத்துருங்க மாமா, தெனம் அதப் பாத்துக்கிட்டுத்தான் குளிக்கப் போகவேண்டியிருக்கு என்றாள். அன்றைக்கே நானே அவிழ்த்தேன், உன் அம்மா விறகை மூடக் கேட்டாள், தரவில்லை, அறுத்துப் போட்டேன். இப்போது அங்கே செங்கல் சுவர் எழுந்திருக்கிறது, தகரக் கதவும் மாட்டியாயிற்று. கொத்தனாரிடம் ஓவியா தானே போய் நின்று, தாப்பா உள்பக்கம் வைங்கண்ணே என்று சொன்னாள். மாட்டி முடித்ததும் உள்ளே போய்ச் சாத்தி, ஒருமுறை தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம், அவள் திறக்கிற வரைக்கும்.

வெயிலில் மோர் குடி, சம்பளம் வந்ததும் சிநேகிதர்களுக்குக் கடன் கொடுக்காதே, அம்மாவுக்கு வாரம் ஒருமுறையாவது வீடியோவில் முகத்தைக் காட்டு. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு, இது அவள் விஷயம், உனக்குத் தெரிய வேண்டிய அளவுக்குத்தான் எழுதினேன். நீ நூறாண்டு நன்றாக இருக்க அம்மாவும் நானும் மனமார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
சீர்வரிசையில் கடைசியாக ஒரு தாழ்ப்பாள் வாங்கி வைத்த தாய்மாமன்,
உன் அப்பா
அம்மாவாசி