டாக்டர் ஹோவின் கும்பிடும் கரடி

சியாயி
நிலாப் பண்டிகைக்கு முந்தைய வாரம்

அன்பு மகள் ஸு-ஹானுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை, பக்கத்து அறைக்குப் போய் அம்மாவைப் பார்த்து, நலம்தானா என்று கேட்டு, "இப்பத்தானே கேட்டீங்க" என்று திட்டு வாங்கிக்கொண்டு வந்து எழுதுகிறேன். அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். டொரண்டோவுக்குத் தாளில் எழுதி எவ்வளவு காலமாயிற்று, எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். கைபேசியில் எழுதினால் நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு கரடிப் படத்தை அனுப்பிவிட்டு ஓடிவிடுவாய். ஒரு கரடிப் படத்தால் இந்த வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. காலமெல்லாம் வேதியியல் நடத்தியவனுக்குத் தலைப்புப் போடாமல் எழுத வராது என்று உனக்குத் தெரியும், அதனால்:

1. அம்மாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்து முடிந்தது, தேறிவிட்டாள்.
2. அதற்கு முன்னால் அவள் கைபேசியில் வந்த ஒரு செய்தியை நம்பி ஏமாந்தது.
3. டாக்டர் ஹோ செய்த காரியம்.
4. உனக்கு உடனே சொல்லாததன் காரணம்.
5. வீட்டுச் செய்திகள்.

முதல் தலைப்பைப் படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு போனை எடுக்காதே, முழுக்கப் படி. எடுத்தது பித்தப்பை. கோடையில் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள், பை நிறையக் கல். சின்னத் துளைகள் போட்டுப் பையை எடுத்துவிடலாம், தள்ளிப்போடாதீர்கள், ஒரு கல் நழுவிக் குழாயை அடைத்துவிட்டால் அப்புறம் உயிருக்கே ஆபத்து என்று அங்கிருந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம், "அடுத்தது ஏழாம் மாசம், அதுல எவன் கத்திக்குப் படுப்பான், பேயெல்லாம் ஊருக்குள்ள சுத்துற நேரம், அது முடியட்டும்" என்றாள். சரி, முடியட்டும் என்றேன், இதில் எது சரி என்று எனக்கு எப்போது உறுதியாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது தலைப்பு. பூங்காவில் காலையில் கூடுகிற எங்கள் உடற்பயிற்சிக் குழுவுக்குக் கைபேசியிலும் ஒரு குழு உண்டு. அதை நடத்துகிறவர் ஒலிபெருக்கியோடு வந்து எல்லோரையும் ஆடவைக்கிற லியாவ் அக்கா, நீ போன தடவை வந்தபோது உன் இடுப்பு விறைப்பாக இருக்கிறதென்று சொன்னாரே, அவரேதான். விடிந்தால் தாமரைப் படத்தோடு காலை வணக்கம் வரும், அதன் பின்னாலேயே வைத்தியம் வரும். முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று ஒன்று, கண்புரையை வெங்காயச் சாறு கரைக்கும் என்று ஒன்று. பெரியவர்கள் அனுப்புவதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை, அது மரியாதை இல்லை. இரண்டு கையையும் கூப்பிக் குனிந்து 'பகிர்ந்ததற்கு நன்றி' என்று சொல்கிற கரடி ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவோம். வழியில் எதிர்ப்பட்டவருக்குத் தலையசைப்பது போலத்தான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அந்த வாரம் வந்த செய்தியில், சில நாள் ஆப்பிள் சாறு குடித்து, பேதி உப்பைக் கரைத்துக் குடித்து, கடைசியில் எலுமிச்சைச் சாற்றோடு ஒரு கோப்பை ஆலிவ் எண்ணெயைக் குடித்தால் பித்தக் கல் வலியில்லாமல் வெளியே வந்துவிடும் என்று இருந்தது, கிண்ணம் நிறையப் பச்சை உருண்டைகளின் படமும் போட்டிருந்தார்கள். கூடவே இன்னொரு வரி, பித்தப்பையை எடுத்தவர்களுக்கு ஞாபகம் போய்விடும் என்று. வரிசையாகக் கரடிகள் கும்பிட்டன. அதில் ஒரு கரடி டாக்டர் ஹோவினுடையது.

டாக்டர் ஹோவை உனக்குத் தெரியும், நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது உன் குடல்வாலை எடுத்தவர். இந்த ஊரில் பாதிப் பேருடைய வயிற்றுக்குள் பார்த்தவர், கத்தியைக் கீழே வைத்து நெடுநாளாகிறது. அப்படிப்பட்டவரே கும்பிட்டுவிட்டார் என்றால் அப்புறம் என்ன. அம்மா எண்ணெய் வாங்கிக் குடித்தாள், குமட்டிக் குமட்டிக் குடித்தாள், மறுநாள் உண்மையாகவே பச்சை உருண்டைகள் வந்தன. அவற்றை வடிகட்டிக் கழுவிக் கிண்ணத்தில் வைத்துப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள். லியாவ் அக்கா, "கத்தி இல்ல, ரத்தம் இல்ல, நம்ம ஆ-தாவ் ஜெயிச்சுட்டா" என்று அம்மாவின் செல்லப் பெயரைச் சொல்லி எழுதினார், கரடிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. எனக்கு அந்த உருண்டைகளைப் பார்த்ததும் சோப்பு மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. எண்ணெய் வயிற்றுக்குள் போய்ச் சோப்பாக மாறுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அறுவை சிகிச்சை டாக்டர் கும்பிட்ட விஷயத்தில் பள்ளிக்கூட வாத்தியார் வாயைத் திறப்பதா என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது தலைப்பு, இதை எழுதத்தான் எனக்கு ஆசை. அந்தப் படம் வந்த சாயங்காலமே டாக்டர் ஹோ சைக்கிளில் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். குழுவில் வேறு மூன்று பெண்கள் அவருக்கு போன் செய்து, நாங்களும் ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் மனிதர் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்திருக்கிறார். "அண்ணி, இதைக் குடிக்கச் சொன்னது யாரு" என்று கேட்டார். "நீங்கதான் டாக்டர்" என்று அம்மா கைபேசியைத் திறந்து கரடியைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கரடியையே வெகுநேரம் பார்த்தார். "நான் இதைப் படிக்கவே இல்லையே அண்ணி, காலையில டீ குடிச்சிட்டு எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போடுவேன்" என்றார். அப்புறம் அந்தக் கிண்ணத்தை மறுநாள் பூங்காவுக்கு எடுத்துவரச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இடத்தில் நான் இருந்தால் மூன்று பெண்களுக்கும் தனித்தனியாக போன் செய்து, யாருக்கும் தெரியாமல் விஷயத்தை முடித்திருப்பேன். அவர் ஆட்டம் முடிந்து எல்லோரும் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தபோது லியாவ் அக்காவிடம் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார். கிண்ணத்தில் இருந்த உருண்டைகளை ஒரு தகர மூடியில் கொட்டி வெயிலில் வைத்தார். நம் ஊர் வெயில் உனக்குத் தெரியும். அவர் பேசி முடிப்பதற்குள் உருண்டைகள் இளகி, பச்சை எண்ணெயாக மூடி முழுக்க ஓடின. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்து ஒலிபெருக்கி அருகே குலுக்கினார், கலகலவென்று சத்தம் வந்தது. "இது என் வயித்துல இருந்தது, எடுத்து வருஷக்கணக்கா வெயில் படுற ஜன்னல்லதான் வெச்சிருக்கேன், இளகவே இல்ல. ஆ-தாவ் அண்ணி வயித்துக் கல்லு இன்னும் வயித்துலதான் இருக்கு. மூடியில ஓடுறது அவங்க குடிச்ச எண்ணெய்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "நான் கும்பிட்டது அனுப்பினவங்க வயசுக்கு, விஷயத்துக்கு இல்ல. ஆனா என் தொழில்ல இருந்தவன் விஷயத்தைப் படிக்காமக் கும்பிடக் கூடாது. தப்பு என்னோடது, லியாவ் அக்காவோடது இல்ல. அவங்க அனுப்பலேன்னா நாம யாரும் இதைப் பத்திப் பேசியே இருக்க மாட்டோம்" என்று எல்லோருக்கும் முன்னால் குனிந்து வணங்கினார். அந்த வயதில், அத்தனை பேர் முன்னால். லியாவ் அக்காதான் முதலில், "டாக்டர், இத்தனை வருஷமா நான் பாடி அனுப்புன பாட்டையும் இப்படித்தான் கேக்காமக் கும்பிட்டீங்களா" என்று கேட்டார். "பாட்டையெல்லாம் கேட்டுட்டுத்தான் கும்பிட்டேன் அக்கா, அதுல சிலது மரியாதைக்கு" என்றார் அவர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அக்காதான் அதிகம் சிரித்தார்.

அம்மா அப்போதும், ஏழாம் மாதம் முடியட்டும் என்றாள். "அண்ணி, ஏழாம் மாசம் ஆபரேஷன் அறை காத்து வாங்கும், டாக்டருங்க நல்லாத் தூங்கி எழுந்து வருவாங்க, ஜன்னலோரக் கட்டில் கேட்டாலும் கிடைக்கும். பேய்ங்க எல்லாம் ஊர்ல சாப்பாடு நடக்குற எடத்துக்குத்தான் போகும், ஆஸ்பத்திரிச் சோத்துக்கு எந்தப் பேய் வரும்" என்றார். பிறகு அவளை மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்து ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, குழாய், துளை என்று மருத்துவ விவரம் சொல்கிறார் போலும் என்று தள்ளியே நின்றேன். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, நாள் குறிக்கச் சொல்லுங்கள் என்றாள். ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் நடந்தது. எடுத்த பை தடித்துப்போய் இருந்ததாம், ஒரு கல் குழாயின் வாயிலேயே வந்து நின்றதாம், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் அவசர ஊர்தியில்தான் வந்திருப்பீர்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். இந்த வரியை எழுதிவிட்டு அம்மாவை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு குழுவில் டாக்டர் ஹோ கரடி போடுவதில்லை. கத்தி, தையல் சம்பந்தமாக என்ன வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டு, அனுப்பியவருக்கு நன்றி சொல்லி, இதில் இது சரி, இது தப்பு, இது எனக்குத் தெரியாது என்று எழுதுகிறார். சிரித்த முகத்தோடு ஓர் இளம் டாக்டர் பேசிய காணொளியை ஊரே பார்த்துப் பரவசப்பட்டபோது, பேச்சு நன்று, ஆனால் ஆபரேஷன் செய்தால் வருகிற தொல்லையை மட்டும் சொல்கிறார், செய்யாமல் விட்டால் வருவதைச் சொல்லவில்லை என்றார். யாரோ ஓர் இல்லத்தரசி தன் மூட்டு சிகிச்சையைப் பற்றிக் மங்கலான கேமராவில் பேசியிருந்ததை, இதில் தப்பு ஒன்றுகூட இல்லை, எல்லோரும் பாருங்கள் என்றார். தையல் ஆற வேண்டுமென்று விலாங்கு மீன் மாதிரி விலையுயர்ந்தது வேண்டாம், வழக்கமாகக் கொடுக்கிற கொடுவா மீன் சூப்புக்குப் புண்ணை ஆற்றும் தனி மந்திரம் எதுவுமில்லை, மீன் நல்ல உணவு, குடியுங்கள் என்று எழுதினார். ஒருமுறை பித்தப்பை எடுத்தவர் யாருக்கும் சாப்பாட்டால் தொல்லை வராது என்று எழுதிவிட்டார், மறுநாள் தன் பழைய மாணவரிடம் கேட்டு, சிலருக்குக் கொழுப்பு சாப்பிட்டால் வயிறு இளகும், நான் எழுதியது பாதிதான் சரி என்று அதே இடத்தில் திருத்தினார். தெரியாது என்று அவர் எழுதுகிற அந்த வரிக்காகவே நான் காலையில் கைபேசியைத் திறக்கிறேன்.

நான்காவது, உனக்குச் சொல்லாதது. வீடியோவில் பேசும்போது அம்மா தலையணையில் சாய்ந்திருந்தாளே, வெயில் அசதி என்றோமே, அது அசதி இல்லை. சொன்னால் நீ விமானம் ஏறிவிடுவாய், வேலை புதிது. அம்மா சொல்லக் கூடாது என்றாள், எனக்குச் சொல்லும் தைரியமும் இல்லை. கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. ஐந்தாவது, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பேய்களுக்கான படையல் நாள் வந்தது, வாசலில் மேசை போட்டு நானே எல்லாம் பரப்பினேன். வருகிறவர்கள் முகம் கழுவத் தண்ணீர்த் தொட்டியும் துண்டும் வைக்க மறந்துவிட்டேன், அம்மா கட்டிலில் இருந்து போனிலேயே அதைக் கண்டுபிடித்தாள். கொய்யா மரம் காய்த்திருக்கிறது. அம்மா நேற்று வான்கோழிச் சோறு ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள். நீ நேரத்துக்குத் தூங்கு, உட்கார்ந்தே வேலை பார்க்காதே.

இதுவரை எழுதியதை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "ரெண்டாவது தலைப்பே தப்பு வாத்தியாரே" என்றாள். எண்ணெயின் அளவு தப்பா என்று கேட்டேன். "அந்த எண்ணெயை நான் நம்பவே இல்ல. பயமா இருந்துச்சு. மயக்கம் குடுத்தா எந்திரிக்காமப் போயிடுவேனோன்னு. உங்ககிட்டச் சொன்னா எனக்கு முன்னாடி நீங்க படுத்துருவீங்க. பேய் மாசம், கரடி, எது கெடைச்சாலும் ஒரு சாக்கு" என்றாள். அப்படியானால் பெஞ்சில் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். தன் பித்தப்பையை எடுக்க அவரே பயந்து, மனைவியிடம் சொல்லாமல் மாத்திரை தின்றே நாளை ஓட்டினாராம். "பயமா இருக்குன்னு யார்கிட்டயாவது சொல்லிட்டுப் படுங்க அண்ணி" என்றாராம். யாரிடம் சொன்னாய் என்றேன். மயக்க மருந்து கொடுக்க வந்த பெண்ணிடம் சொன்னாளாம், அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கடலையை ஊதித் தோலைப் பறக்கவிட்டு, "இப்பச் சொல்லிட்டேனே" என்றாள்.

ஆகவே என் இரண்டாவது தலைப்பு தவறு. அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், டாக்டர் ஹோவும் பழையதை அழிப்பதில்லை, கீழேதான் திருத்துகிறார். செய்தி தப்பு என்பது சரி, அதனால் அவள் ஏமாந்தாள் என்பது தப்பு. இத்தனை வருடம் கூடவே இருந்தும் நான் அவளைக் கேட்கவில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடல் நலமும் மன நிம்மதியும் நிறைந்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், முதலில் அம்மாவிடம் பேசு, நான் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. இந்தக் கடிதத்துக்குக் கரடி அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜியான் வென்-பின்