தெருவே குழாயை மூடிக்கொண்ட நாள்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு இருமல் நின்றதா?

நீங்கள் திரும்பி வந்து குடியேற எதிரே வீடு பதிவு செய்திருக்கிறீர்களே, அந்த அடுக்குமாடியைப் பற்றி ஒரு விஷயம். கட்டுகிறவர் சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிட நினைக்கிறேன். நம் தெருவில் இன்னும் அறுபது வீடு வந்தால் தாங்குமா என்று பார்த்துத்தான் இணைப்புக் கொடுப்பார்கள். குடிநீருக்கு அழுத்தம் போதுமாம், வெளியே போகிற சாக்கடைத் தண்ணீர்தான் கேள்வி. அதற்காகக் குடிநீர் வாரிய இன்ஜினியர் போன மாதம் வந்து, நம் வாசலுக்கு நேரே உள்ள மேன்ஹோலில் ஓட்டத்தை அளக்கும் கருவியை ஒரு நாள் முழுக்க இறக்கி வைத்தார். அவர் வருவது தெரிந்து உன் அப்பா முதல் நாளே வீடு வீடாகப் போய், "பாவம், மனுஷன் குழிக்குள்ள குனிஞ்சு பார்க்கிறப்ப நாம துணி துவைச்ச தண்ணிய அவர் தலையிலயா விடுறது?" என்று கேட்டுவிட்டு வந்தார். தெருவே கட்டுப்பட்டது. சலவைக்காரர் கடையையே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவி, "ஒரு பாத்திரம்கூடக் கழுவலக்கா" என்று பெருமையாகச் சொன்னாள். இன்ஜினியர் கருவியை எடுத்துப் பார்த்து, "குழாய் பாதிக்கு மேல காலியாதான் கிடக்கு, அறுபது வீடு தாராளமா தாங்கும்" என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குத்தான் அது பொய்க்கணக்காகப் பட்டது. பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் என் வகுப்பு எப்படி இருக்கும், இது நம் வகுப்புதானா என்று எனக்கே சந்தேகம் வரும்படி கைகட்டி உட்கார்ந்திருக்கும். அன்று அளந்ததும் அப்படித்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த கோடையில் நீங்கள் எதிர் பால்கனியில் நிற்பீர்கள். ஆனால் தையல்காரர் வீடு தெருவிலேயே பள்ளம், பெரிய மழைக்கே அவர்கள் குளியலறையில் சாக்கடை எதிர்த்து வருகிறது, அறுபது வீடு சேர்ந்தால் அந்தப் பிள்ளைகள் எங்கே கால் வைக்கும்? இன்ஜினியரின் அலுவலகத்துக்கே போய் நடந்ததைச் சொல்லி, யாரிடமும் சொல்லாமல் இன்னொரு நாள் வாருங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "மத்த தெருவுல கட்டடம் வேண்டாம்னு நான் வர்ற அன்னைக்குத் தண்ணிய திறந்து விடுவாங்க மேடம், மூடி வெச்சது நீங்கதான்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரு முழுக்கத் துவைக்கிற நேரத்தில் வந்தார். குழாய் முட்ட முட்ட ஓடியது.

இனி பெரிய சாலை வரை அகலக் குழாய் பதித்த பிறகுதான் இணைப்பாம். ஒரு வருஷமாவது ஆகும், நீங்கள் வருவதும் அவ்வளவு தள்ளிப் போகும். அங்கே வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியிருந்தால் உடனே பேசி நிறுத்துங்கள். கட்டுகிறவர் புதுத் தேதி போட்டுக் காகிதம் அனுப்பினால் மாப்பிள்ளை முழுக்கப் படித்துவிட்டே கையெழுத்துப் போடட்டும், மறக்க வேண்டாம்.

அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குட்டிக்கு ஊஞ்சல் கட்ட நம் பால்கனியில் கொக்கிகூட மாட்டி வைத்துவிட்டார். "டீச்சரம்மா ஊரைத் திருத்திட்டாங்க, பேத்தி பெரியவளானப்புறம் வரட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். நீ அவரைக் கூப்பிட்டுப் பேசு, என்னைக் குறை சொல்வார், நீ அவர் பக்கமே பேசு. நானும் காய்ந்த துணி எடுக்கும் சாக்கில் அந்தக் கொக்கியின் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். குட்டிக்கு என் முத்தம்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா