ஒலிபெருக்கியில் ஒரு ‘ஏங்க’

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. சுற்றிப் பார்க்க வந்த ஊரில் நானும் அப்பாவும் கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். பாஷை தெரியாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று போனில் கேட்டாய், அப்பா பக்கத்தில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார்.

நேற்று ரயில் நிலையத்தில் வண்டி வந்து நின்றதும் அப்பா வழக்கம்போல முதல் ஆளாக ஏறி இடம் பிடிக்கப் போனார், நான் காலெடுத்து வைப்பதற்குள் கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டுகிறார், நில் என்கிறாரா வா என்கிறாரா புரியவில்லை, வண்டி போயே போய்விட்டது. அவருடைய போன், சர்க்கரை மாத்திரை எல்லாம் என் பையில். அடுத்தடுத்து வண்டி வருகிறது, அவரைக் காணோம். என்னிடம் இருந்ததோ ஓட்டலில் அறை பெருக்கும் பெண்ணிடம் கற்ற நாலு வார்த்தை, நன்றி, தண்ணீர், வீட்டுக்காரர், வேண்டாம். டிக்கெட் கொடுக்கும் அம்மாளிடம் ஓடி, வீட்டுக்காரரைக் காணோம் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் வேண்டாம், வீட்டுக்காரர் வேண்டாம் என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, நாற்காலியில் உட்கார வைத்து, எனக்கும் இதே கதைதான் என்பதுபோலத் தன் மோதிரத்தைக் காட்டிப் பெருமூச்சு விட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு எழுந்து, தலையில் முடியில்லை என்று தடவிக் காட்டி, வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்து, அப்பா மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து காட்டி, வண்டி போன பக்கம் விரலை நீட்டினேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாள் என்னை உள்ளே இழுத்துப்போய் மைக்கை வாயருகே வைத்து, பேசு என்று ஜாடை காட்டினாள்.

கல்யாணமான நாளிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடாதவளுக்கு மைக்கில் மட்டும் வருமா. ஏங்க, நான்தாங்க, டிக்கெட் குடுக்கற ரூம்ல இருக்கேன், சுத்திக்கிட்டு நிக்காம இங்க வாங்க என்றேன். நிலையம் முழுக்க ஏங்க ஏங்க என்று எதிரொலித்தது. அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எப்போதோ திரும்பி வந்து, வேறு மேடையில் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். மூச்சிரைக்க ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், இவ்வளவு கூட்டத்துல ஏங்கன்னதும் நான் ஒருத்தன்தான் திரும்பினேன் தெரியுமா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், கண் மட்டும் கலங்கியிருந்தது. அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்து, இவர்தானா என்று கையைப் பின்னால் கட்டி நடந்து காட்டினாள். அப்பா அவசரமாகத் தன் கையைப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டார்.

ஆபீஸில் சாப்பிடும்போது தனி மேசையில் உட்காருகிறாயாம், அண்ணன் சொன்னான். அந்த ஊர் பாஷையைத் தப்பாகப் பேசிவிடுவோம் என்று பயப்படாதே கண்ணு. தப்பாகப் பேசினதால்தான் எனக்கு நாற்காலி கிடைத்தது. நாளைக்கே யார் பக்கத்திலாவது போய் உட்கார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீ எந்த மூலையில் இருந்தாலும் நாலு பேர் சிரிப்புக்கு நடுவில் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

இன்று சாயங்காலம் அந்த அம்மாள் எங்களைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். எதற்கும் நான் நல்ல புடவையாகவும் அப்பா நல்ல வேட்டியாகவும் கட்டிக்கொண்டு போகிறோம்.

முத்தங்களுடன்,
உன் அம்மா