மேற்கே ஏறிய தண்ணீர்

என் அருமை முனுசாமி,

நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. நல்ல சேதி ஏதாவது வந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்ததைச் சொல்கிறேன்.

அடையாற்றங்கரையில் நீ பாடுபட்ட இரண்டு காணியிலும் இந்த வருஷம் நெல் இல்லை. வரப்போரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவன் பனி என்பான். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

மாம்பலம் ஏரியில் வண்டி வண்டியாக மண் கொட்டியதை நீயே பார்த்திருக்கிறாய். இப்போது அங்கே தெருவும் விளக்குக் கம்பமும் வந்துவிட்டன. உன் கால்வாய்க்கு வரவேண்டிய தண்ணீர் எங்கே என்று அந்தத் தெருக்காரர்கள் யாரும் கேட்பதில்லை. மயிலாப்பூரில் குழாய்த் தண்ணீர் குடிக்கிற நானும் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு கதவை இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனும் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் கையை எடுத்துவிட்டால் கதவு என்ன ஆகும்? ஏரி கையை எடுத்துவிட்டது. மறுபக்கம் நின்றது கடல்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

புரட்டாசியில் மழையில்லாமல் பயிர் வாடிக் கிடந்தது. உன் மனைவி குப்பம்மாளுக்குக் காய்ச்சல். அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடப் போய்த்தானே நீ என்னை மச்சானாக்கிக்கொண்டாய்? அந்த உரிமையில், "அண்ணே, கால்வாயில தண்ணி கீதான்னு பாத்துட்டு வாயேன்" என்றாள்.

அன்று அமாவாசை. போய்ப் பார்த்தால் கால்வாய் கரை தொட்டு நிற்கிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கேயோ மிச்சமிருந்த ஏரித் தண்ணீர் வந்துவிட்டது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மடையில் அடைத்திருந்த மண்ணை என் கையாலேயே தள்ளினேன்.

கால்வாயில் ஒரு வைக்கோல் துண்டு மிதந்து போயிற்று. ஆற்றுப் பக்கமிருந்து மேற்கே, ஏரி இருந்த திசையில். அதைக் கண்ணால் பார்த்தேன், முனுசாமி. முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன், பார்த்தும் யோசிக்கவில்லை. நம் ஆயுசு முழுக்க அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் மேற்கிலிருந்துதான் வந்தது. வேறு திசையிலிருந்து வரும் என்று யாருக்குத் தோன்றும்? அமாவாசையில் பொங்கிய கடல் ஆற்று வழியாக ஏறி வந்திருந்தது.

ஒரு வாரத்தில் பயிர் நுனி கருகிற்று. உன் வயல் வழியாகப் பாய்ந்து பக்கத்து எல்லப்பன் வயலும் போயிற்று.

இன்று சாயங்காலம் எல்லப்பன் ஆட்களைக் கூட்டிவிட்டான். "கடலாண்ட ஆத்து வாய் மணலை வெட்டி உட்டது யாரு? குப்பத்தான்! அவன் மீன் புடிக்க நம்ம பயிரா கெடச்சிது?"

"வருஷா வருஷம் வெட்டுறதுதானேப்பா?" என்றேன்.

"இன்னா வாத்தியாரே, நீ எந்தக் கட்சி? பென்சன்காரனுக்கு அரிசி கடையில மொளைக்கும். எங்களுக்கு அப்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாளைக் காலையில் கழியோடு குப்பத்துக்குப் போவதென்று முடிவாயிற்று.

மடையைத் திறந்தது நான்தான் என்று குப்பம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்ண்ணே. மடைகிட்ட செருப்புத் தடம் இருந்துச்சி. உன்னை உட்டா வயலுக்குச் செருப்பு போட்டுக்கினு வர்றவன் யாரு?" பிறகு, "எல்லப்பன்கிட்ட சொல்லிடாதே. என் மடையால போச்சுன்னு தெரிஞ்சா, நாத்து நட எனக்கு ஒரு ஆளு வர மாட்டாங்க" என்றாள்.

சொன்னால் அவள் தனியாக நிற்பாள். சொல்லாவிட்டால் நாளை யார் மண்டை உடையும்? நீ என்ன செய்திருப்பாய்?

இன்னொன்றும் இருக்கிறது. எல்லப்பன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் நேற்றுப் பருப்பு வேகவில்லையாம். அவன் மனைவி கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கிணறு கால்வாய்க்கு எவ்வளவு மேலே என்பது உனக்குத் தெரியும். உப்பு மண்ணுக்கடியில் அங்கேயும் எட்டிவிட்டது. குப்பத்தாரை அடித்தால் கடல் திரும்பிப் போய்விடுமா?

விடிந்ததும் எல்லப்பன் வாசலில் நிற்பேன். மடையைத் திறந்தவன் நான், காய்ச்சலில் கிடந்த குப்பம்மாளுக்கு அதில் பங்கில்லை என்று அத்தனை பேர் எதிரிலும் சொல்வேன். கழி முதலில் என் மேல் விழுவதானால் விழட்டும். கிணற்றைப் பற்றியும் சொல்வேன். நம்பமாட்டார்கள். அமாவாசைதோறும் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவளுக்கு நடவுக்கு ஆள் வராமல் போனால் நானே சேற்றில் இறங்குவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எந்தத் தண்ணீரை நம்பி நடுவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

குப்பம்மாளின் அண்ணன்,
உன் மைத்துனன்
தாமோதரன்