முதல் ராடுக்கு முன்னால் ஒரு பாட்டு

நாள் 61. காலை 6.40
ஆழம் 212 அடி. துளைக்கும் இரும்புக் கம்பியில் இது பதினோராவது ராடு. பனி கலந்த மண். காற்றுக் குழாயில் அழுத்தம் நான்கு.

இந்த நோட்டை எடுத்துப் படிக்கிறவர்களுக்கு: நான் செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டுப் பக்கம். முப்பது வருஷமாகத் தண்ணீருக்குப் போர் போடுகிறவன், படிப்பு ஐந்தாவதோடு சரி. நிலாவில் பனிக்கட்டிக்குத் துளை போட ஆள் வேண்டும் என்றார்கள், வந்தேன். ராஜஸ்தானில் ஒருமுறை எண்ணூறு அடி போயும் தண்ணீர் இல்லை, மண்புகைதான் வந்தது. அந்த ஊர்க்காரர் அதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இங்கே தண்ணீர் வந்தாலும் டீ கிடையாது.

தோண்டும் பனியைக் காற்றாக்கும் இயந்திரம் என் கூடாரத்தில் இருக்கிறது. மூன்று மைல் தள்ளி, பள்ளத்துக் குடிலில் என் மனைவியின் தம்பி கந்தப்பன் தொடை எலும்பு முறிந்து படுத்திருக்கிறான். அவனுக்கு மூச்சு என் குழாயில்தான் போகிறது. நாள் 72இல் கப்பல் வரும். அதுவரை குழாய் வால்வு திறந்தே இருக்க வேண்டும். வால்வு கம்ப்யூட்டர் கையில். கம்ப்யூட்டரில் வைரஸ்.

நேற்று எங்கள் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் ஜெசிந்தா மேடம் பூமியிலிருந்து சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் அழித்து, புதிதாக ஏற்றினேன். நான்கு மணி நேரம். இன்று 6.20க்குப் பிள்ளையார் பாட்டு போட்டு, இன்றைய முதல் ராடு இறக்கினேன். பாட்டில்லாமல் எந்தப் போர் வண்டியும் ராடு இறக்காது. கிளம்பும்போது கந்தப்பன் பஸ் ஸ்டாண்டு கடையில் பாட்டு ஏற்றி இரண்டு பென் டிரைவ் வாங்கினான். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு.

நாள் 64. பகல் 11.15
வைரஸ் போய்விட்டது என்றார்கள். அதன் புத்தி போகவில்லை. கடிகாரம் நான்கு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நான் அடிக்கும் எண் ஒன்று, திரையில் விழுவது வேறு. 10.40க்கு வால்வு தானாக மூடிக்கொண்டது. இருபது நிமிஷம் போராடித் திறந்தேன். கந்தப்பன் வயர்லெஸ்ஸில் சிரித்தான்.

"ஏனுங் மாமா, காத்துக்கும் கரண்டு கட்டா?"

மறுபடி அழிக்கிறேன். மறுபடி ஏற்ற வேண்டும்.

நாள் 65. காலை 6.30
6.15க்குப் பாட்டு. 6.20க்கு ராடு. எல்லாம் சரி.

நாள் 67. பகல் 2.05
சரி என்று எழுதிய கையை வெட்ட வேண்டும். இன்று வால்வு முப்பத்தைந்து நிமிஷம் மூடிக்கிடந்தது. வால்வு மூடினால் குடிலில் நாற்பது நிமிஷக் காற்றுதான் மிச்சம் இருக்கும். கந்தப்பன் இந்தமுறை சிரிக்கவில்லை. கையால் திறக்கும் சக்கரத்தைக் குடில் வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். உடைந்த காலோடு அவன் உடுப்பு மாட்டி வெளியே வர முடியாது. நான் நடந்து போக இரண்டு மணி நேரம். இதை வரைந்த மகராசன் எந்த ஏசி அறையில் உட்கார்ந்து வரைந்தானோ.

மேடம் கேட்டார்: "வெளியிலிருந்து எதையாவது கம்ப்யூட்டர்ல சொருகினீங்களா?"

படிக்காதவன் என்றால் கண்டதையும் சொருகுவான் என்று நினைப்பு. "இல்லீங்க மேடம், நான் என்ன பச்சப் புள்ளையா?" என்றேன். கொஞ்சம் காரமாகவே சொன்னேன்.

நாள் 68. மாலை 3.30
மேடம் இரண்டு நேரங்களை வாசித்தார். ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் வைரஸ் உள்ளே வந்த நேரம். நாள் 61, காலை 6.20. நாள் 65, காலை 6.15.

இந்த நோட்டைத்தான் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது.

சாமி பாட்டை வெளிப்பொருள் என்று யார் நினைப்பார்கள். வீட்டிலிருந்து வந்தது அது. தொட்டுக் கும்பிட்டுக் கம்ப்யூட்டரில் சொருகியது. கழுவிக் கழுவி, நானே திரும்பத் திரும்ப விஷம் வைத்திருக்கிறேன்.

மேடத்திடம் சொல்லவில்லை. "பார்க்கிறேன்" என்றேன். கந்தப்பனிடமும் சொல்லவில்லை. படுத்துக் கிடப்பவனிடம், நீ ஆசையாக வாங்கிக் கொடுத்ததுதான் உன் மூச்சை நிறுத்துகிறது என்று எந்த வாயால் சொல்வது. கப்பல் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அது மட்டும் காரணம் இல்லை. வெட்கமாகவும் இருந்தது.

பென் டிரைவைச் சுத்தியலால் நசுக்கினேன். பிள்ளையாரிடம் மன்னிப்பு கேட்டேன். நான்கு மணி நேரம் அழித்து ஏற்றினேன்.

நாள் 69. காலை 9.10
பாட்டு இல்லாமல் ராடு இறக்கினேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. வால்வு திறந்திருக்கிறது. கடிகாரம் சரி. எண்கள் சொன்னபடி விழுகின்றன. அழுத்தம் நான்கு. இன்னும் மூன்று நாள்.

காலை 9.25
கந்தப்பன் கூப்பிட்டான். ராடு இறங்கும் அதிர்வு அவன் தரைக்குத் தெரியும். பாட்டு குழாயோடு போகும் கம்பியில் அவன் ஸ்பீக்கர் பெட்டியிலும் கேட்கும். இன்று கேட்கவில்லை.

"மாமா, பாட்டுப் போடாமயே எறக்கிட்டீங்களே. அதுதான் இத்தன நாளா நமக்குச் சரியில்ல, நீங்க அரக்கொறையா கும்புட்டிருப்பீங்க. உடுங்க, நானே போட்டுட்டேன்."

அவன் குடிலில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. என் கம்ப்யூட்டரோடு ஒரே கம்பி. அதே கடையில் பாட்டு ஏற்றிய பென் டிரைவ் அவனிடமும் ஒன்று இருக்கிறது.

"புடுங்கு மாப்ளே, அதப் புடுங்கு" என்று கத்தினேன்.

"சாமி பாட்டப் பாதீல நிறுத்தக் கூடாதுங் மாமா. முடியட்டும்."

காலை 9.31
அழுத்தம் மூன்று. இரண்டு. வால்வு மூடிவிட்டது. எந்தச் சாவியை அழுத்தினாலும் கேட்கவில்லை. அழித்து ஏற்ற நான்கு மணி நேரம். அவனிடம் நாற்பது நிமிஷம்.

அவனிடம் இப்போது சொன்னேன், எல்லாவற்றையும். அவன் ஒன்றுதான் கேட்டான்.

"நேத்தே தெரியுமுங்களா?"

காலை 9.52
உடுப்பு மாட்டிவிட்டேன். நடந்தால் இரண்டு மணி நேரம். ஓடினால் எவ்வளவு என்று தெரியவில்லை, இங்கே யாரும் ஓடிப் பார்த்ததில்லை. கையுறையோடு எழுதுகிறேன், கோணலாக இருக்கும். இதைப் படிப்பவர்கள் ஜெசிந்தா மேடத்திடம் சொல்லுங்கள். சொருகினேன் என்று.

வயர்லெஸ்ஸில் அவன் மூச்சு வேகமாகக் கேட்கிறது. மாப்பிள்ளை பேசு என்கிறேன். பேசவில்லை. பின்னால் பிள்ளையார் பாட்டு இரண்டாவது சுற்று ஓடுகிறது. நிறுத்த ஆள் இல்லை. ஓடுகிறேன்.