நாற்பது கையெழுத்துகள்

ஜோகன்னஸ்பர்க்

என்னவர் பெதியாக்கோவுக்கு ஃப்ரிம்போமா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? கடையில் நின்றுகொண்டே துணி கிழிக்காதீர்கள். நான் நலம்தான், குளிர்தான் விடமாட்டேன் என்கிறது.

ஒரு விஷயம், பதற வேண்டாம். பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. நம் ஊர் குமாசி சந்தையில் நம்மோடு துணி விற்கும் நாற்பது பெண்கள், வெறும் வாய்ச்சொல்லில் பக்கத்து நாடான டோகோவிலிருந்து கடனுக்குச் சரக்கு எடுப்பதைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ந்து எழுதினேன் அல்லவா? அவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கவில்லை என்று தேர்வுக் குழு அத்தனையையும் தள்ளிவிட்டது.

"இருபது வருஷம் யாவாரம் பண்ணவங்க நீங்க, ஒரு கையெழுத்து வாங்கத் தெரியலையா?" என்றார் தலைவர்.

"தெரியும் சார். அந்தச் சந்தையில பேப்பரை நீட்டினா, உன்னை நம்பலைன்னு அர்த்தம்."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மாத முடிவுக்குள் நாற்பது கையெழுத்தும் வந்தால்தான் இப்போதிருக்கும் இந்தப் பல்கலைக்கழக வேலையாவது நிலைக்கும். போனால், ஐம்பத்திரண்டு வயதில் இனி எதை ஆரம்பிப்பது? சந்தைப் பெண்கள் எல்லோரும் பேச்சைக் கேட்கும் நம் துணிச் சந்தை ராணி கொனாடு அம்மாவுக்கு போன் செய்து, கையெழுத்து வாங்கித் தருவீர்களா என்று கேட்டும் பார்த்தேன்.

"ஏண்டி பேராசிரியரம்மா, உனக்கு மொத சரக்கு நான் குடுத்தப்ப எதுல கையெழுத்து வாங்கினேன்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

யாராவது வந்தால் ஷிட்டோ மிளகாய்த் தொக்கு இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். பேச்சுத் துணை இல்லாத வீட்டில் உறைப்பாவது இருக்கட்டும்.

சம்மதப் படிவங்கள் நாற்பதையும் இதோடு வைத்திருக்கிறேன். சந்தைக்கு எடுத்துப் போகாதீர்கள், அவர்களை நம்பவில்லை என்று ஆகிவிடும். கிழித்துப் போடவும் வேண்டாம், மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
ஃப்ரிம்போமா